புயல் அழித்த மனைகளும் தொண்டர் பணியும்

பெருங்காற்று ஓரிரவில் வீழ்த்துவதை மீள எழுப்புதற்கு மனிதனுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். காற்றின் வேகத்தை வானிலை நூல்கள் கூறும். இறந்தோர் தொகையை அரசாங்க அறிக்கைகள் கூறும். ஆயின், காற்று ஓய்ந்த பின்னர் வீடிழந்தோர் தம் மனைக்கு எவ்வாறு மீண்டனர், அவர்க்கு உதவ வந்தோர் யாவர், அவ்வுதவி எங்கே பயன் தந்தது, எங்கே பயனின்றிப் போயிற்று என்பன அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அழிவின் வரலாறு சில நாள்களுள் முடிந்துவிடுவது. மீட்சியின் வரலாறோ நீண்டது, ஆரவாரமற்றது, ஆனால் கற்பதற்கு மிகுதியும் உடையது.

வங்காள விரிகுடாவிற் பிறந்து ஈழத்தின் கரைகளை அவ்வப்போது தாக்கும் சூறாவளியும், அத்திலாந்திக்குப் பெருங்கடலிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கும் 'அரிக்கேன்' என்பதும் ஒரே இனக் காற்றேயாம். அத்தென்கரையின் வரலாற்றில் 1893, 1900, 2005 ஆகிய ஆண்டுகளில் வீசிய மூன்று சூறாவளிகள், வீடமைப்புத் தொண்டின் வளர்ச்சியை ஆராய்வார்க்குச் சிறந்த சான்றுகளாகும். இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தொண்டர் கையாற் சுவர் எழுப்புதல் கூடும். ஆனால் அச்சுவர் வீடாவது, அங்கு வாழவேண்டியவர்க்கு நிலத்தில் உரிமையும், வேலையிற் பங்கும், கடலினின்று காவலும் உள்ளவிடத்தேயாம்.

1893 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27 ஆந் திகதி இரவு தென் கரோலினா, யோர்யியா மாநிலங்களின் கரையோரத் தீவுகளைச் சூறாவளி தாக்கிற்று. கடல் பெருகித் தாழ்ந்த தீவுகளை மூடியது. ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 30,000 பேர் வீடும் விளைவும் இழந்து நின்றனர். அவருட் பெரும்பாலோர் அடிமைத் தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். உள்நாட்டுப் போரின் பின்னர் சிறு சிறு நிலத்துண்டுகளை உடைமையாகப் பெற்றிருந்தோர் அவருட் பலர்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பாட்டன் அம்மையார் அப்பொழுது 71 வயதினர். அவர் தம் உதவியாளருடன் அவ்விடஞ் சென்று ஏறக்குறையப் பத்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். கையிலிருந்த பணமோ சிறிது, பசித்தவரோ பலர். அந்நிலையில் அவர் மேற்கொண்ட முறை கருதத்தக்கது. உணவைப் பங்கிட்டுக் கொடுத்தலோடு நில்லாது, உப்புநீர் தேங்கிய வயல்களினின்று நீரை வடிக்கும் கால்வாய்களை அம்மக்களே வெட்டுமாறு செய்தார். உழைத்தவர்க்கு மிகுதியான உணவு அளந்தார். பெண்கள் கூடித் தைக்கும் சங்கங்களை அமைத்து, வந்து குவிந்த பழந்துணிகளை அணியத்தக்க உடைகளாக மாற்றுவித்தார். மரமும் ஆணியும் கருவியும் வழங்கப்பட்டன. வீடுகளை எழுப்பியவர் வீட்டுக்குரியவரே. அடுத்த பருவத்துக்கு விதையும் கொடுக்கப்பட்டது. 1894 இல் அம்மையார் தீவுகளை விட்டு நீங்கியபோது, பிறர் கையை நோக்கியிருக்கும் கூட்டத்தையன்றி, தம் வயலில் விளைவு கண்டு நின்ற குடிகளையே விட்டுச் சென்றார். நிலம் தமதென்ற உறுதி அம்மக்கட்கு இருந்தமையே இம்முறை பயன் தந்ததற்கு அடிப்படை என்பதை மறத்தலாகாது. பிறன் நிலத்திற் கால்வாய் வெட்டும்படி அவர்களை ஏவியிருப்பின் அது கூலிவேலையாய் முடிந்திருக்கும்.

ஏழாண்டுகள் கழித்து, 1900 செப்டெம்பர் 8 ஆந் திகதி, தெக்சாசு மாநிலத்துக் கல்வெசுத்தன் நகரம் அழிந்தது. அந்நகரம் ஒரு மணற்றீவின்மேல் அமைந்தது. அதன் மிகவுயர்ந்த இடமும் கடல் மட்டத்தினின்று 9 அடிக்குக் குறைந்ததே; அன்று எழுந்த கடலோ 15 அடிக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர் என்பது பெரிதும் வழங்கும் மதிப்பு. 3,600 வீடுகள் வரை இருந்தவிடந் தெரியாது போயின. 78 வயதினை எய்தியிருந்த பாட்டன் அம்மையார் அங்கும் சென்றார். உணவும் உடையும் மாத்திரமன்றிக் கட்டட மரமும் அனுப்புமாறு நாட்டு மக்களை வேண்டினார். நகரத்தாரின் நிவாரணக் குழுவும் சிறு வீடுகளைக் கட்டுவித்தது.

ஆயினும் கல்வெசுத்தன் தரும் படிப்பினை வேறு. அத்தீவில் முன்னிருந்தவாறே வீடுகளைக் கட்டுதல் அடுத்த புயலுக்கு இரை வைத்தலாகும் என்பதை நகரத்தார் உணர்ந்தனர். 17 அடி உயரமுடைய கடற்சுவரொன்றின் முதற் பகுதி 1904 இல் நிறைவெய்தியது. 1903 இல் தொடங்கி 1911 வரை நகரத்தின் நிலமட்டமே உயர்த்தப்பட்டது. வீடுகளும் தேவாலயங்களும் திருகுதூக்கிகளால் மேலெழுப்பப்பட, அவற்றின் அடியிற் கடல்மணல் நிரப்பப்பட்டது. இப்பெருவேலை தொண்டரால் இயல்வதன்று. நகரும் மாநிலமும் வரிப்பணங்கொண்டு செய்தது. 1915 இல் மற்றொரு பெருஞ்சூறாவளி வந்தபோது அச்சுவரின் பயன் வெளிப்பட்டது. தொண்டர் அமைக்கும் கூரைக்கு முன்னே அரசு அமைக்கும் அரண் வேண்டும் என்பதற்கு இந்நகரம் சான்றாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீடமைப்புத் தொண்டு நிலையான நிறுவனங்களின் வடிவம் பெற்றது. 1950 இல் கன்சாசு மாநிலத்தில் மெனனைற்று என்னும் கிறித்தவ சமயப் பிரிவினர் தொடங்கிய அனர்த்த சேவை, வயலிலும் பட்டறையிலும் பழகிய கைகளை அழிவுற்ற ஊர்களுக்கு அனுப்பியது. 1976 இல் மிலாட் புல்லரும் அவர் மனைவி லிண்டாவும் யோர்யியாவில் நிறுவிய மனிதகுல வாழிட இயக்கம், வீட்டை இனாமாகக் கொடாத ஒரு நெறியை வகுத்தது. வீடு பெறுவோர் தம் வீட்டிலும் அயலார் வீட்டிலும் சில நூறு மணிநேரம் உழைத்தல் வேண்டும். பின்னர் எளிய தவணைகளிற் கடனைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். அமெரிக்க முன்னாட் சனாதிபதி யிம்மி காட்டர் 1984 முதலாகச் சுத்தியல் ஏந்தி இவ்வியக்கத்திற் பணியாற்றியமை அதனை உலகறியச் செய்தது. கரையோரத் தீவுகளிற் கண்ட அதே கொள்கை ஈண்டு விதியாக எழுதப்பெற்றது எனலாம்.

இவ்வாறு வளர்ந்த தொண்டு தன் முழு வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய களம் நியூ ஓர்லியன்சு நகரமாகும். 2005 ஓகஸ்ட் 29 ஆந் திகதி கத்ரீனா என்னுஞ் சூறாவளி மணிக்கு ஏறத்தாழ 125 மைல் வேகக் காற்றுடன் லூயிசியானாவின் கரையைக் கடந்தது. நகரை மூழ்கடித்தது காற்றன்று. காவலாய் நின்ற அணைகளின் உடைவே. இராணுவப் பொறியியற் படையினர் அமைத்த அணைகளும் கால்வாய்ச் சுவர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீருள் அமிழ்ந்தது. தேசிய சூறாவளி நிலையம் 2023 இல் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி அச்சூறாவளியால் மாண்டோர் 1,392 பேர். அவ்வமயம் உதவி நல்கிய நாடுகளுள், எட்டு மாதங்களுக்கு முன்னரே ஆழிப்பேரலையால் அழிவுற்றிருந்த இலங்கையும் ஒன்று. அது செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 25,000 டொலர் அளித்தது.

வெள்ளம் விரைவில் வடியவில்லை. பல பகுதிகளிற் கிழமைக்கணக்காக நின்றது. செப்டெம்பர் இறுதியில் வந்த ரீற்றா என்னும் சூறாவளி சில இடங்களை மீண்டும் மூழ்கடித்தது. ஒக்டோபரில் நீர் வடிந்தபோது வெளிப்பட்ட வீடுகள் நிமிர்ந்தே நின்றனவெனினும் வாழ்வதற்கு உதவாதனவாயின. சேறு தரையில் வெடித்துக் கிடந்தது. சுவர்களில் நீர்மட்டத்தின் கறையும், அதன் மேலுங் கீழும் கூரைவரை பூஞ்சணமும் படர்ந்திருந்தன. வாயிற் சுவர்களில், தேடுதற் படையினர் வந்த நாளையும் உள்ளே கண்ட பிணங்களின் தொகையையும் குறித்த பெருக்கற் குறிகள் காணப்பட்டன. நிலத்திலேயே சீமெந்துத் தளமிட்டுச் சுவர்ப்பலகை பொருத்திய பிற்கால வீடுகள் மிகுதியும் கெட்டன. தூண்களின்மேல் உயர்த்தி, உழுத்தலை எதிர்க்கும் சைப்பிரசு மரத்தாற் கட்டிய பழைய வீடுகளோ எலும்புக்கூடு கெடாது நின்றன. முன்னோர் வெள்ளத்தை அறிந்து கட்டினர். பின்னோர் அணையை நம்பிக் கட்டினர்.

இவ்வீடுகளைக் குடைந்து வெறுமையாக்குவதே தொண்டர்களின் முதல் வேலை. அவ்வேலை காண்பதற்கு இனியதன்று. முகமூடியும் கையுறையும் முழுமேனி உறையும் அணிந்து, வீங்கிய கதவுகளைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தனர். அழுகிய உணவு நிறைந்த குளிர்ப்பெட்டிகளைத் திறவாது கட்டி வெளியேற்றினர். நனைந்து ஊறிய கட்டில், மெத்தை, நூல், உடை யாவும் தெருவோரத்திற் குவிந்தன. நிழற்படம், பதக்கம், பீங்கான் முதலியவற்றைத் தெரிந்தெடுத்து வீட்டுக்குரியவரிடம் ஒப்படைத்தனர். பின்னர் சுவர்ப்பலகைகளையும் உள்ளடைப்புப் பஞ்சையும் பிடுங்கி, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரச்சட்டங்கள் மாத்திரம் நிற்குமாறு செய்தனர். சட்டங்களைத் தேய்த்துப் பூஞ்சணக் கொல்லி பூசி உலரவிட்ட பின்னரே மீளக்கட்டுதல் இயலும்.

வந்தோர் பலவகையினர். மாணவர் வசந்தகால விடுமுறையைக் கடற்கரையிற் கழியாது இங்கு கழித்தனர். ஓய்வுபெற்ற தச்சர், தாதியர், தேவாலயக் குழுவினர் ஆகியோரும் வந்து கூடாரங்களிலும் மூடிய பாடசாலைகளிலும் தங்கினர். ஆற்றின் மறுகரையில், வெள்ளம் ஏறாத அல்சியேசு என்னும் பகுதியில் மலிக் இரகீம் முதலியோர் 2005 செப்டெம்பரிலேயே தொடங்கிய 'பொதுநில' நிவாரண இயக்கம் பல்லாயிரந் தொண்டரை அழைத்தது. முதலிரண்டு ஆண்டுகளில் வளைகுடாக் கரை முழுவதிலும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொண்டாற்றினர் என்று தேசிய சேவைகளுக்குப் பொறுப்பான அரச நிறுவனம் கணித்தது.

இவ்வுழைப்பின் பெறுமதி பணத்தால் மாத்திரம் அளக்கத்தக்கதன்று. 2006 சனவரியில் நகர மீளமைப்புக் குழுவின் திட்டப்படம் ஒன்று வெளியாயிற்று. தாழ்ந்த சில குடியிருப்புகளின்மேல் அதிற் பச்சை வட்டங்கள் இடப்பட்டிருந்தன; அவை பூங்காக்களாதல் கூடும் என்பது பொருள். அங்கு வாழ்ந்தோர் தம் ஊர் மீண்டெழ வல்லது என மெய்ப்பிக்க வேண்டியவராயினர். புரோட்மூர் என்னும் பகுதியினர் கூடிச் சங்கம் வலுப்படுத்தி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, தமக்கென மீளமைப்புத் திட்டம் வகுத்துத் தம் ஊரைக் காத்தனர். அன்றியும், 2006 ஓகஸ்ட் 29 ஆந் திகதிக்குமுன் வீடுகளைத் துப்புரவாக்கி அடைத்தல் வேண்டும். தவறின் அவை இடிக்கப்படுதலும் கூடும் என மாநகரசபை விதித்தது. தொலைவூர்களிற் சிதறிக் கிடந்த ஏழைகளும் முதியோரும் ஒப்பந்தகாரருக்குக் கொடுக்கப் பணமின்றித் தவித்த அந்நாளில், தொண்டர் துப்புரவாக்கிய ஒவ்வொரு வீடும் அதற்குரியவர் மீளுவார் என்பதற்குச் சாட்சியாக நின்றது. சேற்றை வாரிய கை ஓர் உரிமையையும் காத்தது.

நகரின் கீழ்க்கோடியில் வாழ்ந்த வியட்நாமியர் கதையும் ஈண்டு கூறத்தக்கது. 1975 இல் அகதிகளாய் வந்து தம் தேவாலயத்தைச் சுற்றிக் குடியேறிய அவர்கள், அரசின் அனுமதியை எதிர்நோக்கி இராது 2005 ஒக்டோபர் முதலே திரும்பி, ஒருவர் வீட்டை மற்றொருவர் திருத்தினர். நகரில் இடித்துக் குவித்த கழிவுகளைக் கொட்டுதற்கு அவர்கள் ஊர்ப்புறத்தே 2006 இல் ஓரிடந் திறக்கப்பட்டபோது, ஒன்றுகூடி எதிர்த்து அதே ஆண்டு ஓகஸ்டில் அதனை மூடச் செய்தனர். ஒருவர் வீட்டைத் துப்புரவாக்கிய குப்பை மற்றொருவர் வாயிலில் விழுமாயின் அது நிவாரணமாகாது என்பதை அவர் போராட்டம் உணர்த்தியது.

துப்புரவுக்குப் பின் கட்டுமானம் தொடங்கிற்று. இசைக்குப் பேர்போன அந்நகரில் வீடிழந்த கலைஞர்க்கென இசைவாணர் அரி கொனிக், பிரான்போட் மாசாலிசு ஆகியோர் முன்னின்று, மனிதகுல வாழிட இயக்கத்துடன் சேர்ந்து 72 வீடுகள் கொண்ட 'இசைவாணர் கிராமத்தை' அமைத்தனர். அதன் நடுவே இசை நிலையமொன்று 2011 இல் திறக்கப்பட்டது. அயலிலுள்ள செயின்ற் பேணாட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ எல்லா வீடுகளும் கெட்டிருந்தன. வாசிங்டனிலிருந்து தொண்டராய் வந்த லிசு மக்காட்னி என்னும் ஆசிரியையும் சாக் உறோசன்பேக் என்னும் சட்டத்தரணியும் 2006 இல் அங்கே ஒரு நிறுவனத்தை நிறுவினர். கிழமைதோறும் புதிய தொண்டர் வருவதும் பழையோர் போவதுமான நிலையில் வேலை இடையிடையே தடைப்பட்டது. தொயோத்தா நிறுவனத்தாரின் ஒழுங்குமுறையைக் கற்று, எந்நாளில் எவ்வேலை என்பதைப் பலகையில் வரைந்து நடத்தியபோது ஒரு வீட்டுக்குச் செல்லும் காலம் பெரிதும் குறைந்தது. நல்லெண்ணத்துக்கும் ஒழுங்குமுறை வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

குறைகளையும் வரலாறு மறைத்தலாகாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இறக்குமதியான சீனச் சுவர்ப்பலகைகளிற் சில, கந்தக ஆவியை உமிழ்ந்து செப்புக் கம்பிகளை அரித்தன. கட்டி முடித்த வீடுகளை மீண்டும் உடைத்துத் திருத்த நேர்ந்தது. கீழ் ஒன்பதாம் வட்டாரத்தில் நடிகர் பிராட் பிற் 2007 இல் நிறுவிய அறநிலையம் 150 வீடுகள் கட்டக் கருதி 109 கட்டிற்று. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் வரைந்த புதுமுறை வீடுகள் அவை. ஆயினும் ஈரத்தையும் மழையையும் தாங்காது பல பழுதுற, அவற்றில் வாழ்ந்தோர் 2018 இல் வழக்குத் தொடுத்தனர். அந்நிலத்தின் வெம்மையையும் ஈரத்தையும் பழைய தச்சர் அறிந்த அளவு புதிய வரைபடங்கள் அறியவில்லை.

இவற்றினும் பெரிய தடை காணி உறுதியாய் வந்தது. வீட்டுக்குரியவர்க்கு நட்டத்தை ஈடுசெய்ய லூயிசியானா அரசு 2006 இல் 'வீடு நோக்கிய பாதை' என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்வழி ஏறத்தாழ 130,000 குடும்பங்களுக்கு 900 கோடி டொலர் அளவிற் கொடுக்கப்பட்டது. ஆயின், கீழ் ஒன்பதாம் வட்டாரம் போன்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளிற் சொந்த வீடுடையோர் பாதிக்கு மேற்பட்டிருந்தும், பல வீடுகள் பாட்டன் பெயரிலேயே கிடந்தன. முதுசமாய் வந்த மனையை உறுதி முடித்துப் பெயர் மாற்றுதல் அவர் வழக்கமன்று. வீட்டில் வாழ்ந்தவர் தமதென எழுத்திற் காட்ட இயலாமையின் உதவி பெறாது நின்றனர். மேலும், திருத்தச் செலவு, சூறாவளிக்கு முன்னிருந்த வீட்டு விலை ஆகிய இரண்டனுட் குறைந்ததையே அத்திட்டம் அளவாகக் கொண்டது. வெள்ளையர் பகுதியிலும் கறுப்பினத்தார் பகுதியிலும் மரமும் ஆணியும் ஒரே விலைக்கு விற்கப்பட்டன. வீட்டு விலையோ பின்னவர் பகுதியிற் குறைவு. அதனால் ஒரே அளவு அழிவுக்குக் குறைந்த தொகையே அவர்க்குக் கிடைத்தது. 2008 இல் தொடுக்கப்பட்ட வழக்கு 2011 இல் 6 கோடி 20 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ வீடுகள், தொண்டர் துப்புரவாக்கிய எலும்புக்கூடுகளாகவே நின்று புல் மண்டின.

வாடகைக்கு வாழ்ந்தோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தொண்டர் எவர் வீட்டைத் திருத்துவது? உரியவர் வேறொருவர். 2007 டிசெம்பரில் ஏறத்தாழ 4,500 மனைகள் கொண்ட அரச குடியிருப்புகளை இடிக்க மாநகரசபை இசைந்தது. 2000 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 484,674 ஆக இருந்த நகர மக்கட்டொகை 2010 இல் 343,829 ஆகக் குறைந்தது. திரும்பாதோருட் பலர் விரும்பாதவரல்லர். திரும்புதற்கு வாயில் அற்றவர்.

அணைகளைப் பின்னர் நடுவணரசு ஏறத்தாழ 1,450 கோடி டொலர் செலவிற் புதுப்பித்தது. 2021 இல், கத்ரீனா வந்த அதே ஓகஸ்ட் 29 ஆந் திகதி ஐடா என்னுஞ் சூறாவளி தாக்கியபோது அவை உடையாது நின்றன. நகரத்துக் கூரைகள் பறந்தன, மின்விளக்குகள் அவிந்தன, ஆயினும் வீடுகள் நீருள் மூழ்கவில்லை. கல்வெசுத்தன் 1904 இற் கற்ற பாடத்தை நியூ ஓர்லியன்சு நூறாண்டு பிந்திக் கற்றது.

தொகுத்து நோக்குமிடத்து, தொண்டின் பெருமை அதன் எல்லையை அறிவதாற் குறைவதில்லை. கரையோரத் தீவில் வெட்டிய கால்வாயும், நியூ ஓர்லியன்சிற் கழற்றிய ஆணியும், அரசு நெஞ்சங் கொள்ளாத வேளையில் மனிதன் மனிதனுக்குச் செய்த உதவிகள். ஆயினும் தொண்டர் கிழமைக் கணக்கில் வருபவர். வீட்டிலிருப்பவர் தலைமுறைக் கணக்கில் வாழ்பவர். அவர் பெயரில் உறுதியும், அவர் சொல்லுக்கு மதிப்பும், அவர் ஊருக்கு அரணும் இல்லாதவிடத்து எழுப்பிய சுவர் அடுத்த காற்றுக்கோ அடுத்த சட்டத்துக்கோ வீழும். ஆதலின், புயலுக்குப் பின் மனையமைக்கச் செல்வோர் சுத்தியலோடு எடுத்துச் செல்ல வேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்வீட்டில் வாழவேண்டியவர் யார், அவர் திரும்புதற்குத் தடையாய் நிற்பது யாது? அத்தடை மரமும் ஆணியும் கொண்டு நீங்குவதாயின் தொண்டர் கையே போதும். அது சட்டமும் அணையுமாயின், சுவர் எழுப்பிய அத்தொண்டரே அவ்வீட்டார்க்காகப் பேசவும் கடமைப்பட்டவராவர்.